குடும்ப ஜெபத்துக்கு உட்கார மறுக்கும் மகன்: கட்டாயப்படுத்தலாமா?

பனைவிளைக்காரன் (இழையைத் தொடங்கியவர்) | ஜூலை 12, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். தாம்பரத்துக்குக் குடிவந்து பதினெட்டு வருடம் ஆகிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். என் தாத்தா காலத்திலிருந்து இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒருவர் ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். இப்போது இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அப்பா நடத்தியபோது நாற்பது ஆகும். மிஷனெரிகளைப் பெயர் பெயராகச் சொல்லி ஜெபிப்பார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் முழங்காலில் இருந்தபடியே தூங்கிவிடுவோம்.

என் மகனுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. மகள் ஆறாம் வகுப்பு. மே மாதக் கடைசியிலிருந்து மகன் ஜெபத்துக்கு வருவதில்லை. எட்டு மணி அடித்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறான். ஞாயிறு கோயிலுக்கு வருகிறான். திடப்படுத்தல் வகுப்புக்கும் ஒழுங்காகப் போகிறான். வீட்டு ஜெபம் மட்டும் ஆகாது. காரணம் கேட்டால் "சும்மாதான்" என்கிறான். தண்டனையாகக் கைப்பேசியைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

கட்டாயப்படுத்தி உட்காரவைப்பதா, விட்டுப்பிடிப்பதா? வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஜீவஊற்று77 | ஜூலை 12, இரவு 10.15

சகோதரரே, ஸ்தோத்திரம். இதில் கேள்விக்கே இடமில்லை. "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று நீதிமொழிகள் சொல்கிறது. உங்கள் வீட்டுக் கூரையின் கீழே இருக்கும்வரை உங்கள் ஒழுங்குதான். "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்று யோசுவா சொன்னபோது வீட்டாரிடம் வாக்கெடுப்பு நடத்திவிட்டுச் சொல்லவில்லை.


நான்காம்பெஞ்சு | ஜூலை 12, இரவு 11.02

எனக்கு இருபத்திரண்டு வயது. மொட்டைமாடிக்குப் போன பையன்களில் ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் அப்பா எங்கள் சபையின் கமிட்டியில் இருந்தவர். ஒரு நாள்கூடக் குடும்ப ஜெபம் தவறியதில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவுக்குச் சமையலறை ஜன்னல் ஓரத்தில் தனி எவர்சில்வர் தம்ளர் இருந்தது. அந்த அக்காவும் எங்கள் கோயிலில் பின்வரிசையில் உட்கார்கிறவர்தான். வருடத்துக்கு ஒரு நாள் அசனப் பண்டிகையில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே கொப்பரைச் சோற்றைச் சாப்பிடுவோம். அப்பா கண் கலங்கிப் பேசுவார். மறுநாள் காலையில் தம்ளர் ஜன்னலுக்குப் போய்விடும். என் அக்காவுக்கு வரன் தேடி விளம்பரம் கொடுத்தபோது "தேவபக்தியுள்ள மணமகன்" என்ற வரிக்கு முன்னால் சாதிப் பெயர் இருந்தது.

நான் கடவுளை விட்டுவிட்டேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. அந்த இருபது நிமிடத்தை விட்டுவிட்டேன். அசனத்துக்கு மட்டும் இன்றும் போகிறேன், சோறு நன்றாக இருக்கும்.

உங்கள் மகன் எதைப் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது, ஐயா. ஆனால் எதையோ பார்த்திருக்கிறான்.


கடற்கரைத்தெரு | ஜூலை 13, காலை 6.40

நாங்கள் தூத்துக்குடிக் கத்தோலிக்கர்கள், செபம் என்று எழுதுவோம். எழுத்துப் பிழை என்று யாரும் திருத்த வரவேண்டாம்.

எங்கள் வீட்டில் செபமாலை. ஐந்து பத்து மணிகள், ஐம்பது முறை மங்கள வார்த்தை. அம்மாச்சி கடைசிவரை "பிரியதத்தத்தினாலே" என்று பழைய வாசகத்தில்தான் தொடங்குவார். நாங்கள் "அருள் நிறைந்த மரியே" என்போம். இரண்டும் மோதிக்கொண்டே ஐம்பதும் முடியும். செபமாலையில் தியானிக்கும் மறைபொருள்களின் மூன்று வரிசைகளோடு 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறைபொருள்களையும் சேர்த்தபோது, "என் ஆயுசுக்கு மூன்று போதும், நான்காவது உங்களுக்கு" என்று அம்மாச்சி சொல்லிவிட்டார்.

அப்பா கடல் தொழில். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் சனி இரவு கடைப்பக்கம் கூட்டமாக இருக்கும். அம்மா வாய் திறந்து சண்டை போட்டதில்லை. அதற்குப் பதிலாகச் செபமாலையில் கருத்து ஒப்புக்கொடுப்பார்: "சம்பாதித்த பணத்தைச் சாராயக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே." அப்பாவும் சேர்ந்து பதில் சொல்லவேண்டும்! சில நாள் சொல்வார், சில நாள் எழுந்து வெளியே போவார். ஒரு தவக்காலத்தில் குடியை விட்டார். செபத்தால் விட்டாரா, வெட்கத்தால் விட்டாரா என்று அம்மாவுக்கே தெரியாது.

உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு வாய் திறக்க இடம் உண்டா என்று கேட்கத்தான் இதைச் சொன்னேன். ஒருவர் வாசித்து, ஒருவரே ஜெபித்து முடித்துவிட்டால் மற்ற மூவருக்கும் அங்கே என்ன வேலை?


ஜீவஊற்று77 | ஜூலை 13, காலை 7.30

"வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று ஆண்டவர் சொன்னது சிலருக்கு நினைவில்லை போலிருக்கிறது. ஒரே மந்திரத்தை ஐம்பது முறை…


மட்டுறுத்துநர் | ஜூலை 13, காலை 8.05

மேலுள்ள பதிவின் பின்பாதி நீக்கப்பட்டது. செபமாலை சரியா தவறா என்ற விவாதத்துக்கு 2 இழைகள் ஏற்கெனவே பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. இங்கே வேண்டாம்.


இரவுப்பணி | ஜூலை 13, பிற்பகல் 2.20

நான் செவிலியர். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது பணி இருக்கும். எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவது என்பதே எங்கள் வீட்டில் நடக்காத காரியம். முதலில் குற்ற உணர்ச்சி அரித்தது. எங்கள் சபைப் போதகர் ஐயர்தான், "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது, நோயாளிக்கும் அது பொருந்தும்" என்று சொல்லி அனுப்பினார்.

இப்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான். நான் பணிக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வரி ஜெபம் சொல்வார்கள். "அம்மா வார்டில் இருக்கும் தாத்தாவுக்கு இருமல் நிற்கட்டும்." மறுநாள் காலையில் வந்ததும் முதல் கேள்வி, "நின்றதா?" நிற்காத நாட்களும் உண்டு. இறந்துபோன நாட்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அதற்கு என்னிடம் தயார் பதில் கிடையாது, பிள்ளைகளும் எதிர்பார்ப்பதில்லை.


மலைக்காற்று | ஜூலை 13, இரவு 8.45

வங்கி வேலையில் மூன்று வருடம் ஐசாலில் இருந்தேன். மிசோரம் தலைநகர். ஞாயிற்றுக்கிழமை ஊரே கடையடைப்புப் போலக் கிடக்கும், நம் ஆட்களுக்குத் தேநீர் குடிக்க இடம் கிடைக்காது. அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விஷயம். வீட்டுக்கார அம்மாள் ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவார். அதற்கு அவர்கள் மொழியில் பூஃபாய் தாம் என்று பெயர். சபையிலிருந்து வந்து வாங்கிக்கொண்டுபோய் விற்று ஊழியத்துக்குச் செலவிடுவார்கள். ஏழை வீட்டிலும் உண்டு, ஏனென்றால் சோறு வடிக்காத வீடு இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறதாம்.

ஊருக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். அம்மா சிரித்தார். "உன் ஆச்சி பிடி அரிசிக் கலயம் வைத்திருந்தது மறந்துவிட்டதா? நீதான் அதிலிருந்து திருடிக் கொழுக்கட்டை கேட்டவன்." நம் திருநெல்வேலிச் சபைகளில் ஊறிப்போன பழக்கம். நான்தான் மறந்திருந்தேன்.

எங்கள் பிள்ளைகள் ஜெபத்தில் நெளிவார்கள். பிடி அரிசி போடுவதற்கு மட்டும் போட்டி. கையால் செய்ய ஏதாவது கொடுத்துப் பாருங்கள்.


ஓய்வுபெற்ற_டீச்சர் | ஜூலை 14, காலை 5.55

தம்பி பனைவிளைக்காரன், எனக்கு ஊர் நாசரேத். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடம், அதற்கு மேலும் ஓய்வுநாள் பள்ளி. எல்லோரும் என்ன செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படக்கூடாது.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஜெபம் சலித்தது என்றால் கோயிலும் சலித்திருக்கும், வகுப்பும் சலித்திருக்கும். இவன் அந்த இரண்டையும் விடவில்லை. கைப்பேசியைக் கேட்டதும் கொடுத்திருக்கிறான். இது சோம்பல் இல்லை, வழக்குப்போல இருக்கிறது.

நீங்கள் நாளுக்கு ஒரு அதிகாரம் வாசிக்கிறீர்கள். மொத்தம் 1189 அதிகாரம், முடிக்க மூன்றேகால் வருடம் ஆகும். இந்தச் சுற்றை இந்தப் புத்தாண்டில் ஆதியாகமத்திலிருந்து தொடங்கியிருந்தால், ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, லேவியராகமம் 27 என்று கூட்டிக்கொண்டு வாருங்கள். மே மாதக் கடைசியில் எண்ணாகமத்தின் பின்பகுதியில் இருந்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்கக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. ஒன்று பிலேயாமின் கழுதை, 22ஆம் அதிகாரம். இன்னொன்று 27.

அன்று யார் வாசித்தார்கள்? பையன் ஏதாவது கேட்டானா?


பனைவிளைக்காரன் | ஜூலை 14, காலை 9.10

டீச்சர், புத்தாண்டில்தான் தொடங்கினோம். மற்றபடி இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அவன் வயசுக் கோளாறு.


நான்காம்பெஞ்சு | ஜூலை 14, காலை 9.31

27ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். ஐயா, திரும்பி வாருங்கள்.


பனைவிளைக்காரன் | ஜூலை 17, இரவு 11.48

மூன்று நாளாக எழுதி எழுதி அழித்தேன். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

மே 24. வாசிக்கவேண்டியது மகனின் முறை. செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். அவர்கள் மோசேயின் முன்னால் வந்து நின்று, எங்கள் தகப்பனின் காணியாட்சியில் எங்களுக்குப் பங்கு கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தர் சொல்கிறார். வாசித்து முடித்துவிட்டு மகன் புத்தகத்தை மூடவில்லை. "அப்பா, நம் விளையில் அத்தைக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.

என் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். அண்ணன், நான், தங்கை, மூன்று பேர். ஊரில் 84 சென்ட் பனைவிளை (பனந்தோப்பு), ஒரு கிணறு, பழைய வீடு. அப்பா இறந்து நாற்பது நாளுக்குள் அண்ணனும் நானும் தங்கையிடம், அவள் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். "கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, ஊர் வழக்கம் இதுதான்" என்று அண்ணன் சொன்னான். நான் எதுவும் சொல்லவில்லை. தங்கை படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது எங்களுக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தாள்.

மகன் மே மாதம் இரண்டு வாரம் அந்த அத்தை வீட்டில்தான் இருந்தான். வருடா வருடம் போவான். அவள் வீட்டு ஒழுகலையும் பார்த்திருப்பான்.

"அத்தை எழுதிக் கொடுத்துவிட்டாள்" என்றேன். "எழுதிக் கொடுத்தார்களா, நீங்கள் எழுதி வாங்கினீர்களா?" என்று கேட்டான். நான் சொன்னது இது: "வேதத்தை வாசி. வியாக்கியானம் வேண்டாம்."

அன்றும் கர்த்தருடைய ஜெபம் சொன்னோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் அவன் குரல் நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து மாடி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே, பல வீடுகளில் இருக்குமே, கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர், பேச்சையெல்லாம் மௌனமாகக் கேட்கிறவர் என்று எழுதிய அந்தப் பலகை மாட்டியிருக்கிறது. மார்ச் மாதம் அந்த மேசையில் உட்கார்ந்துதான் அண்ணனிடம் விளையை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு மணி நேரம் பேசினேன். "தங்கச்சி காதுக்குப் போகாமல் முடித்துவிடலாம்" என்று சொன்னது அண்ணன் இல்லை, நான். மகன் எதிரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

மனைவி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றுத்தான் கேட்டேன். அவளும் தன் அண்ணன்மாருக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவள். "யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பிள்ளை கேட்டான்" என்றாள்.


கடற்கரைத்தெரு | ஜூலை 18, காலை 6.15

நுங்கு வாங்கிக் கொடுத்தாள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பிறகு வந்துதான் மீதியை வாசித்தேன்.


ஜீவஊற்று77 | ஜூலை 18, காலை 7.02

சகோதரரே, நான் முதலில் எழுதிய பிரம்பு வசனத்தில் மாற்றம் இல்லை. ஆனால் பிரம்பு எந்தப் பக்கம் விழவேண்டும் என்பதில் அவசரப்பட்டுவிட்டேன். ஆயக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்றான். நீங்கள் நாலத்தனை கொடுக்கவேண்டாம். அவளுடையதைக் கொடுங்கள். நகைக் கணக்குப் பேசாதீர்கள், அண்ணன்மார் கல்யாணத்துக்கு ஆன செலவை யாரும் பாகத்தில் கழித்திருக்கமாட்டார்கள்.


மலைக்காற்று | ஜூலை 18, காலை 10.40

எல்லோரும் அவரையே அடிக்கவேண்டாம். இந்த இழையில் இருக்கும் ஆண்களில் எத்தனை பேர் சகோதரிக்குச் சரிபாகம் கொடுத்தோம்? நான் கொடுக்கவில்லை. என் தங்கை வசதியாக இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறேன். பிடி அரிசியைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியவன் நான்தான்.


பத்திர_எழுத்தர் | ஜூலை 18, பிற்பகல் 1.25

தொழில்முறையில் இரண்டு வார்த்தை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் இறந்தவரின் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பாகம்தான். பெண்ணுக்கு நகை போட்டால் சரி என்பது ஊர்ப்பேச்சு, சட்டத்தில் கிடையாது. எனவே உங்கள் தங்கைக்கு 28 சென்ட் பாத்தியம் இருந்தது. பத்திரத்தால் உங்கள் இருவருக்கும் 42, 42 ஆகிவிட்டது.

பதிவான விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்யக் கோர்ட் வழியில் போனால் காலம் ஆகும், உறவும் போய்விடும். எளிய வழி, நீங்களும் அண்ணனும் சேர்ந்து தங்கைக்குத் தான செட்டில்மென்ட் எழுதுவது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை குறைவு. அண்ணன் வரவில்லை என்றால் உங்கள் கணக்கில் வந்த 14 சென்டை, மொத்தத்தில் ஆறில் ஒரு பாகம் என்று பிரிபடாத பாகமாக நீங்கள் மட்டும் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு அண்ணன் கையெழுத்து தேவையில்லை. பிறகு அவளும் பாகஸ்தி ஆகிவிடுவதால் அவள் கையெழுத்து இல்லாமல் விளை முழுவதையும் விற்கமுடியாது. உள்ளூர் வக்கீலிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள்.


நான்காம்பெஞ்சு | ஜூலை 18, இரவு 9.15

பத்திர எழுத்தர் ஐயாவின் பதிவு இந்த இழையிலேயே பெரிய பிரசங்கம். காணிக்கை எடுக்கலாம்.


ஓய்வுபெற்ற_டீச்சர் | ஜூலை 19, காலை 5.50

தம்பி, பத்திரம் பிறகு. முதலில் தங்கையிடம் பேசுங்கள். பையனைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். அவன் பார்க்கவேண்டும் என்பதற்காகச் செய்ததாக ஆகிவிடும். இரவில் ஜெபத்தில் வைத்து அறிவிக்கவும் வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவர் தம்பியிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கவைத்தார். தம்பிக்குத்தான் மானம் போயிற்று.


பனைவிளைக்காரன் | ஆகஸ்ட் 9, இரவு 10.30

தாமதத்துக்கு மன்னிக்கவும்.

தனியாகத்தான் போனேன். தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். அவள் அழவில்லை, என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "ஏன் சின்னண்ணன், விலை இறங்கிவிட்டதா?" என்று கேட்டாள். அது எனக்கு வேண்டியதுதான். அரை மணி நேரம் கழித்து, "நான் அன்றைக்குப் படித்துப் பார்க்காமல் போட்டேன் என்றா நினைத்தீர்கள்? வரிக்கு வரி படித்தேன். அப்பா செத்து நாற்பது நாளில் அண்ணன்மாரும் போய்விடக்கூடாது என்று போட்டேன்" என்றாள். நான் அவ்வளவு காலமும் அவள் படிக்கவில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இங்கேயும் அப்படித்தான் எழுதினேன்.

அண்ணனிடம் சொன்னேன். "பிள்ளை பேச்சைக் கேட்டுச் சொத்தை அழிக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று போனை வைத்துவிட்டான். அதன் பிறகு எடுப்பதில்லை.

மகனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அத்தையே சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. போன சனிக்கிழமை எட்டு மணிக்குக் கீழே வந்து உட்கார்ந்தான். அன்றைய பகுதி நியாயாதிபதிகள். நடுவில் எண்ணாகமத்தைத் திருப்பி, "அப்பா, 36ஆம் அதிகாரத்தில் மறுபடியும் அந்தப் பெண்களுக்கு நிபந்தனை போட்டுவிட்டார்களே, சொந்தக் கோத்திரத்தில்தான் கட்டவேண்டும் என்று. அது நியாயமா?" என்றான். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். மகள், "எனக்கும் விளையில் உண்டுதானே?" என்று கேட்டாள். உண்டு என்றேன். அன்று ஜெபம் முடிய ஐம்பது நிமிடம். அப்பாவைத் தாண்டிவிட்டோம்.

ஞாயிறும் திங்களும் அவன் மாடியில்தான் இருந்தான். செவ்வாய் வந்தான். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.


இரவுப்பணி | ஆகஸ்ட் 10, காலை 8.20

ஐம்பது நிமிடமா! எங்கள் வாசல் ஜெபம் ஐம்பது விநாடி. இன்று பிள்ளைகளிடம் உங்கள் அண்ணனுக்காகச் சொல்லச் சொன்னேன். பெயர் தெரியாததால், "போன் எடுக்காத மாமாவுக்காக" என்று சொன்னார்கள்.


பத்திர_எழுத்தர் | ஆகஸ்ட் 10, காலை 11.05

14 சென்டை எழுத முடிவுசெய்துவிட்டீர்கள் என்றால் வில்லங்கச் சான்று போட்டு வையுங்கள். மூலப்பத்திரமும் பட்டாவும் யாரிடம் இருக்கின்றன?


பனைவிளைக்காரன் | ஆகஸ்ட் 10, காலை 11.20

அண்ணன் பீரோவில்.


பத்திர_எழுத்தர் | ஆகஸ்ட் 10, காலை 11.24

பரவாயில்லை. நகலுக்கு மனு போடலாம். ஊருக்கு வரும்போது ஆதார் அட்டையும் புகைப்படமும் எடுத்துவாருங்கள், தங்கையுடையதும் சேர்த்து.